வானத்தைத் துரத்த எத்தனை வோல்ட் வேணும்?

ரொம்ப நாளா டிராஃப்ட்டுல தூங்கிக்கிட்டிருந்த பதிவு இது. எழுதணும்னு உட்காருவேன், கொஞ்சம் வெட்கமா இருக்கும், மூடி வெச்சிடுவேன். நம்ம அசட்டுத்தனத்தை நாமே ஊருக்குச் சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணுமில்லையா? இன்னிக்கு வந்திருக்கு. சரி, விஷயத்துக்கு வருவோம்.

2019 டிசம்பர் 26. காலை ஒன்பதரை மணிவாக்கு. கரூர் பக்கம் பெரியப்பா வீட்டுக் களம். கங்கண சூரிய கிரகணம். கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டைன்னு நம்ம ஊர் மேலேயே கோடு போட்டுக்கிட்டுப் போன கிரகணம். சூரியன் வளையலா நிக்கப்போறது சுமார் மூணே நிமிஷம். களத்துல பசங்க, பாட்டிகள், பால்காரர்னு முப்பது பேர் வரிசையில. முன்னாடி நானும் என் மோட்டார் தொலைநோக்கியும். முகப்புல சூரிய வடிகட்டி, கையில ரிமோட் மாதிரி கண்ட்ரோலர், முகத்துல 'எல்லாம் நம்ம கண்ட்ரோல்ல இருக்கு'ங்கிற பெருமை.

வளையம் சேர ரெண்டு நிமிஷம் இருக்கும்போது சூரியன் கொஞ்சம் ஓரமா நகர்ந்திருந்தது. நடுவுக்குக் கொண்டுவரலாம்னு அதிவேகத்தை வெச்சு பட்டனை அமுக்கினேன். மோட்டார் 'ர்ர்ர்'னு ஆரம்பிச்சு 'ம்ம்...'னு முனகி நின்னுது. கண்ட்ரோலர் திரை அணைஞ்சு திரும்ப எரிஞ்சுது. 'வணக்கம், தேதி என்ன, நேரம் என்ன, நீங்க எந்த ஊரு'ன்னு முதல்லேர்ந்து கேள்வி கேட்க ஆரம்பிச்சிடுச்சு! அவசரத்துல தேதியைத் தப்பா அடிச்சேன். சூரியன் கண்ணாடியை விட்டே வெளியே போயிட்டார். பின்னாடி ஒரு சின்னப் பையன், "அண்ணா, கிரகணம் முடிஞ்சிருச்சா?"

அப்போ பெரியப்பா வந்தார். மின்வாரியத்துல முப்பது வருஷத்துக்கு மேல வயர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். தொலைநோக்கியைத் தொட்டுப் பழக்கம் கிடையாது. "டேய், இந்தப் பூட்டை அவுத்து விட்றா. மோட்டாரு தூங்கட்டும்" என்றார். ரெண்டு அச்சிலும் கிளட்சைத் தளர்த்தினேன். நிழலைப் பார்த்தே குழாயைச் சூரியனுக்கு நேரா கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம் ஒவ்வொரு ஆள் பார்க்கும்போதும் பக்கத்துல நின்னுக்கிட்டு, சுண்டுவிரல் அசைவு அளவுக்குக் குழாயை மேற்கே தள்ளிக்கிட்டே இருந்தார். முப்பது பேர்ல பாதிப்பேர் வளையத்தைப் பார்த்துட்டாங்க. மீதிப்பேர் பார்த்தது கடிச்சு வெச்ச சூரியன்தான். அந்தச் சின்னப் பையன் ரெண்டாவது கூட்டத்துல.

சாயங்காலம் பெரியப்பா மல்டிமீட்டரோட வந்து, ஒரே நிமிஷத்துல குற்றவாளியைப் பிடிச்சிட்டார். அது யார்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு இருநூறு வருஷக் கதை இருக்கு. வானத்தைத் துரத்த மனுஷன் எங்கேயிருந்தெல்லாம் சக்தி எடுத்தான்ங்கிற கதை.

*

முதல்ல, எதுக்குத் துரத்தணும்? பூமி தன்னைத்தானே ஒரு சுற்று சுற்ற 23 மணி 56 நிமிஷம் 4 விநாடி. அதாவது வானம் ஒரு விநாடிக்கு 15 ஆர்க்விநாடி மேற்கே நகருது. வெறுங்கண்ணுக்கு இது ஒண்ணுமே இல்லை. ஆனா 150 மடங்கு பெருக்கிப் பார்த்தா அசைவும் 150 மடங்கு. வியாழனை நடுவுல வெச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள ஓரத்துக்கு ஓடிடும்.

இதுக்கு வழி சுலபம்தான். ஒரு அச்சைத் துருவத்தை நோக்கி, பூமியோட அச்சுக்கு இணையா சாய்ச்சு வைக்கணும். அந்த ஒரே அச்சை, பூமி சுற்றுற வேகத்துல எதிர்ப்பக்கம் சுற்றினால் போதும், நட்சத்திரம் அப்படியே நிக்கும். இதை ஒரு கடிகார இயந்திரமே செய்யட்டுமேன்னு ராபர்ட் ஹூக் 1674-லேயே எழுதி வெச்சிட்டார். செய்து காட்டத்தான் 150 வருஷம் ஆச்சு.

ஏன் அவ்வளவு தாமதம்? சாதாரண கடிகாரம் 'டிக் டிக்'னு ஓடுது பாருங்க, அதான் சிக்கல். ஊசல் ஒவ்வொரு தடவையும் பல்சக்கரத்தை நிறுத்தி நிறுத்தி விடும். அதைத் தொலைநோக்கியோட இணைச்சா நட்சத்திரம் கண்ணுக்குள்ள குதிச்சுக் குதிச்சுப் போகும். நமக்கு வேண்டியது எண்ணெய் ஒழுகுற மாதிரி ஒரே சீரான ஓட்டம்.

அதைக் கொடுத்தவர் ஜெர்மனியின் யோசஃப் ஃபிரான்ஹோஃபர். சூரிய நிறமாலையில கறுப்புக் கோடுகளை அளந்தாரே, அவரேதான். 1824-ல் அவர் செய்த 24 செ.மீ. தொலைநோக்கி டோர்பாட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னிக்கு எஸ்டோனியாவில் இருக்கிற டார்ட்டு. சக்தி எங்கேயிருந்து? கயிற்றுல தொங்குற எடையிலிருந்து. எடை கீழே இறங்கும், பல்சக்கரம் சுழலும், வேகம் கூடினா சுழல்குண்டுகள் விரிஞ்சு உரசி வேகத்தைக் குறைக்கும். நீராவி இயந்திரத்துல ஜேம்ஸ் வாட் போட்ட கவர்னர் தெரியுமில்லையா, கிட்டத்தட்ட அதே யோசனை.

அதை வெச்சுக்கிட்டு ஸ்ட்ரூவ என்ன செய்தார் தெரியுமா? வானத்தைச் சல்லடை போட்டுத் தேடி, 1827-ல் 3112 இரட்டை விண்மீன்களோட ஒரு பட்டியல் வெளியிட்டார். கைக்கு வேலையில்லாமல் போனதால கண்ணுக்கு வேலை கொடுக்க முடிஞ்சுது. அந்தத் தொலைநோக்கி இன்னும் டார்ட்டு பழைய வானாய்வகத்துல இருக்கு.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 50 கிலோ எடை ரெண்டு மீட்டர் இறங்கினா கிடைக்கிற ஆற்றல் சுமார் 980 ஜூல். யூ.பி.எஸ்ஸுல போடுற 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பாட்டரியில இருக்கிறது சுமார் 3,02,000 ஜூல். முந்நூறு மடங்கு! நல்லாச் சமநிலைப்படுத்தின தொலைநோக்கியை வானத்தோட நகர்த்த அவ்வளவு கொஞ்சம் சக்திதான் வேணும். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

*

கண்ணால பார்க்கிற வரைக்கும் எடைக் கடிகாரம் போதுமா இருந்தது. புகைப்படம் வந்ததும் குட்டு உடைஞ்சுது. கண் மன்னிக்கும், தகடு மன்னிக்காது.

1850-ல் ஹார்வர்டு வானாய்வகத்தின் 38 செ.மீ. தொலைநோக்கியில வேகா நட்சத்திரத்தைப் படம் பிடிச்சாங்க. சூரியனைத் தவிர்த்து, மனுஷன் படம் எடுத்த முதல் நட்சத்திரம். ஆனா கடிகார ஓட்டம் அவ்வளவு சீரா இல்லாததால தொடர முடியலை. ஓட்டத்தைத் திருத்தி 1857-ல் திரும்ப முயற்சி பண்ணினப்போ விழுந்த படம் எது தெரியுமா? மிசாரும் ஆல்காரும். நம்ம பாஷையில வசிஷ்டரும் அருந்ததியும்! கல்யாணத்துல பட்டப்பகல்ல அண்ணாந்து பார்த்து 'தெரியுது தெரியுது'ன்னு தலையாட்டுறோமே, அந்தத் தம்பதிதான். (அவங்களுக்காவது சாட்சியா ஒரு போட்டோ இருக்கு. :-))

அடுத்தது 1882. இந்த வருஷம் எனக்கு ரொம்பப் பிடிச்ச வருஷம். செப்டம்பர் 4-ந் தேதி நியூயார்க்கில், பேர்ல் தெருவுல எடிசன் தன் மின்நிலையத்தை ஓடவிட்டார். 110 வோல்ட், நேர்மின்சாரம். அதே செப்டம்பரில் வானத்தில் ஒரு பிரம்மாண்டமான வால்நட்சத்திரம். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில டேவிட் கில் ஒரு கேமராவைத் தொலைநோக்கியோட கட்டி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் வால்நட்சத்திரத்தைத் துரத்திப் படம் எடுத்தார். கழுவிப் பார்த்தா வால்நட்சத்திரத்துக்குப் பின்னாடி கொத்துக்கொத்தா நட்சத்திரங்கள். 'வானம் முழுசையும் படத்தாலேயே வரைபடமாக்கலாமே'ங்கிற எண்ணம் அங்கேயிருந்துதான் பெரிசாச்சு. 1887-ல் பாரிஸ் மாநாட்டுல பல நாட்டு வானாய்வகங்கள் சேர்ந்து அதுக்கு ஒப்பந்தமே போட்டாங்க.

இந்த ரெண்டையும் ஏன் சேர்த்துச் சொல்றேன்? கில்லோட பிரச்சினையும் எடிசனோட பிரச்சினையும் சேர்ந்ததுதான் இன்னிக்கு நம்ம தொலைநோக்கிப் பிரச்சினை. எடிசனுக்கு வந்த தலைவலி செம்பு. குறைந்த வோல்ட்டுல நிறைய சக்தி அனுப்பணும்னா ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினா வழியிலேயே வோல்ட் விழும். விழாம இருக்கணும்னா கம்பி தடிமனாகணும், செலவு எகிறும். அதனால ஒரு மைல் தாண்டினாலே அவரோட கரண்ட் திணறிச்சு. மாறுமின்சாரக்காரங்க வோல்ட்டை ஏற்றி அனுப்பி, இறக்கிக் கொடுத்து ஜெயிச்சது அதனாலதான். நாம 12 வோல்ட்டுல தொலைநோக்கி ஓட்டும்போதெல்லாம் எடிசன் தோத்த அதே யுத்தத்தைக் களத்து மேட்டுல திரும்ப நடத்துறோம்.

*

மின்சாரம் வந்த உடனே எல்லாரும் மோட்டாருக்கு மாறிடலை. 1917-ல் வந்த மவுண்ட் வில்சன் 100 அங்குலத் தொலைநோக்கி, அதாங்க ஹபிள் அண்டத்தோட அளவையே மாத்தின தொலைநோக்கி, அதுவும் எடை இறங்கி ஓடுற கடிகாரத்தோடதான் வந்தது. காரணம் நியாயமானது. அந்தக் காலத்து கரண்ட்டை விட புவியீர்ப்பு நம்பகமானது. அது கட் ஆகாது, ஏறி இறங்காது.

நிலைமையை மாத்தினவர் ஹென்றி வாரன். மாறுமின்சாரத்தோட அதிர்வெண்ணுக்கு ஏற்ப மட்டுமே சுழலுற சின்ன ஒத்தியங்கு மோட்டாரைக் கடிகாரத்துக்குப் போட்டார். மின்நிலையம் அதிர்வெண்ணைச் சரியா வெச்சுக்கிட்டாதானே கடிகாரம் சரியா ஓடும்? அதனால 1916-ல் பாஸ்டன் மின்நிலையத்திலேயே ஒரு தலைமைக் கடிகாரத்தைக் கொண்டுபோய் வெச்சு, 60 ஹெர்ட்ஸ் பிசகாமல் பார்த்துக்க வெச்சார். சுவத்துல இருக்கிற பிளக்பாயிண்டே கடிகாரம் ஆயிடுச்சு!

தொலைநோக்கிக்காரங்க விடுவாங்களா? நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுற்றுற மோட்டார், அதோட 359 பல் உள்ள சக்கரம். 359-ஐ 4-ஆல பெருக்குங்க. 1436 நிமிஷம். அதாவது 23 மணி 56 நிமிஷம். 360 பல் வெச்சா சூரியனோட நாள், ஒரு பல்லைக் குறைச்சா நட்சத்திரத்தோட நாள். இந்த ஒரு பல் வித்தியாசத்தை முதல்தடவை தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு நான் வாய்விட்டுச் சிரிச்சேன்.

1970-ல் செலஸ்ட்ரான் சி-8 வந்தப்போகூட அடியில இருந்தது இந்த வகை மோட்டார்தான். அமெரிக்காவுல சுகமா ஓடிச்சு. நம்ம ஊருக்கு வந்தா? அங்கே 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ், இங்கே 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டா வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. ஆறுல அஞ்சு பங்கு வேகத்துலதான் மோட்டார் ஓடும். விநாடிக்கு 2.5 ஆர்க்விநாடி பாக்கி. நாலே நிமிஷத்துல நட்சத்திரம் நடுவிலிருந்து ஓரம்.

இங்கேயே செஞ்ச 50 ஹெர்ட்ஸ் மோட்டாருக்கும் நிம்மதி இல்லை. 90-கள்ல நம்ம தென்னிந்திய மின்தொகுப்புல சாயங்கால உச்சநேரத்துல அதிர்வெண் 49-க்குக் கீழே இறங்குறது சகஜம். 49 ஹெர்ட்ஸ்னா ரெண்டு சதவீதம் மெதுவு. நிமிஷத்துக்கு 18 ஆர்க்விநாடி பின்தங்கும். வியாழனோட விட்டமே நாற்பது சொச்சம்தான், கணக்குப் போட்டுக்கோங்க. ஊரே டி.வி. போட்டு மோட்டார் ஓட்டுறப்போ, அந்தப் பாரத்தை ஒருத்தர் வியாழன்ல பார்க்கலாம்! தெற்குத் தொகுப்பு தேசியத் தொகுப்போட இணைஞ்சது 2013 டிசம்பர் 31-ல். இப்போ அதிர்வெண் 50-ஐ ஒட்டியே நிக்குது. ஆனா அந்தவகை மோட்டார்களோட காலம் அதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.

நடுவுல 'டிரைவ் கரெக்டர்'னு ஒண்ணு வந்தது. கார் பாட்டரியோட 12 வோல்ட்டை எடுத்து, தானே 110 வோல்ட் மாறுமின்சாரமா மாத்தி, அதிர்வெண்ணைக் குமிழ் திருகி ஏற்றி இறக்கலாம். இதுதான் வானம் பார்க்கிறவனுக்கும் கார் பாட்டரிக்கும் நடந்த நிச்சயதார்த்தம்.

*

கல்யாணத்தை நடத்தி வெச்சது கம்ப்யூட்டர். 1975-ல் சோவியத்துக்காரங்க 6 மீட்டர் தொலைநோக்கியைச் சாய்வச்சு இல்லாம, பீரங்கி மாதிரி மேலே-கீழே, இட-வலமா நகர்ற தாங்கியில நிறுத்தினாங்க. ரெண்டு அச்சையும் நொடிக்கு நொடி வெவ்வேறு வேகத்துல ஓட்டணும், மனுஷனால ஆகாது. கம்ப்யூட்டர் ஓட்டிச்சு. 1987-ல் செலஸ்ட்ரானோட காம்ப்யூஸ்டார், 1992-ல் மீடோட எல்.எக்ஸ்.200 என்று அது மொட்டைமாடிக்கும் வந்துடுச்சு. பேரைச் சொன்னா போதும், தொலைநோக்கி தானே திரும்பி சனியைக் காட்டும்.

இங்கேதான் முன்னாடி சொன்ன கணக்கு. பாலோமர் 200 அங்குலத் தொலைநோக்கி 1948-ல் வந்தது. நகருற பாகம் மட்டும் 500 டன். எண்ணெய்ப் படலத்து மேல மிதக்கிறதால அதை வானத்தோட நகர்த்த ஒரு குதிரைத்திறன்ல பன்னிரண்டுல ஒரு பங்கு போதும்னு சொல்லுவாங்க. அதாவது 62 வாட். ஒரு பழைய குண்டு பல்பு! அப்போ என்னோட பத்துக்கிலோ குழாய்க்கு ஏன் 12 வோல்ட் 3 ஆம்பியர், 36 வாட் வேணும்?

வானத்தைத் துரத்துறதுக்கு இல்லைங்க. வேகமாத் திரும்புறதுக்கு. வானத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு வேகத்துல ரெண்டு மோட்டாரும் ஒரே நேரத்துல கிளம்புறப்போதான் ஆம்பியர் எகிறும். துரத்துறப்போ மாடு மேய்க்கிற கணக்கு. திரும்புறப்போ ஜல்லிக்கட்டு. நாள் முழுக்க ஒழுங்கா மேயுது, வாடிவாசல் திறந்ததும் படுத்துக்குதுன்னா குற்றம் மாட்டு மேல இல்லை, தீனி மேல.

*

இப்போ களத்துக்குத் திரும்புவோம்.

அன்னிக்கு என் பாட்டரி வெயில் படாம திண்ணையில. தொலைநோக்கி களத்துல. நடுவுல 8 மீட்டர். வீட்டுல கிடந்த ஸ்பீக்கர் ஒயரை எடுத்து இழுத்திருந்தேன். அரை ஸ்கொயர் எம்.எம். தடிமன். பெரியப்பா மோட்டாரை ஓடவிட்டுட்டு மீட்டரை வெச்சார். பாட்டரி முனையில 12.1 வோல்ட். தொலைநோக்கி முனையில 10.2.

"பார்த்தியாடா, ரெண்டு வோல்ட்டை ஒயரே தின்னுட்டுது."

கணக்கு இதுதான். அரை ஸ்கொயர் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு 0.039 ஓம் தடை. 8 மீட்டர்தானேன்னு நினைக்காதீங்க, கரண்ட் போயிட்டு வரணும், 16 மீட்டர். 0.62 ஓம். 3 ஆம்பியர் ஓடினா 1.9 வோல்ட் காலி. என் தாங்கிக்குக் குறைஞ்சது 11 வோல்ட் வேணும்னு கையேட்டுலேயே இருக்கு. படிச்சிருந்தாத்தானே! சும்மா துரத்துறப்போ ஆம்பியர் கம்மி, விழுற வோல்ட்டும் கம்மி, எல்லாம் நல்லா இருக்கிற மாதிரியே தெரியும். பட்டனை அமுக்கின அந்த நொடியிலதான் கழுத்தறுப்பு.

"230 வோல்ட்டுல ரெண்டு வோல்ட் போனா எவனுக்கும் தெரியாது. பன்னண்டுல ரெண்டு போனா ஆறுல ஒரு பங்குடா. லைன் இழுக்கிறவனுக்கு இதான் முதல் பாடம்"னார். வானசாஸ்திரப் புத்தகம் அத்தனை படிச்சவனுக்கு இது தெரியலை. கம்பத்துல ஏறினவருக்குத் தெரிஞ்சிருக்கு.

மறுநாள் கரூர் போய் ரெண்டரை ஸ்கொயர் ஒயர் வாங்கிட்டு வந்தார். முனையில லக் வெச்சு அவர் கையாலேயே அமுக்கிக் கொடுத்தார். அதே 8 மீட்டருக்கு இப்போ 0.4 வோல்ட்தான் விழுது. "அதைவிட, பாட்டரியைக் கால்கிட்டயே வெச்சுக்க. ஒயரு நீளம்தான் எதிரி." ஒன்றரை மீட்டருக்கு வெட்டினப்போ 0.1 வோல்ட்கூட விழலை.

*

அதுக்கப்புறம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். உங்கள்ல யாராவது மோட்டார் தாங்கி வாங்கினா உதவும்.

1. தாங்கியோட கையேட்டுல எத்தனை வோல்ட்லேர்ந்து எத்தனை வோல்ட், அதிகபட்ச ஆம்பியர் எவ்வளவுன்னு பாருங்க. ஆம்பியர்ல ஒன்றரை மடங்கு தர்ற சப்ளையா வாங்குங்க. ஆம்பியர் அதிகம் இருந்தா கெடுதல் இல்லை, தேவையானதைத்தான் தாங்கி இழுத்துக்கும். வோல்ட் அதிகம் இருந்தா போர்டு புகையும்.

2. பிளக் பொருந்துதுன்னு செருகாதீங்க. நடு முனை பாசிட்டிவா, வெளிமுனையான்னு மீட்டர் வெச்சுப் பார்த்துட்டுச் செருகுங்க. ஒரே அளவு பிளக்குல 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரும் வரும், ஜாக்கிரதை.

3. ஈய-அமில பாட்டரி 1859-ல் பிளாண்டே கண்டுபிடிச்சது. இன்னும் மலிவு, இன்னும் கனம். முழுசா சார்ஜ் ஆனா 12.7 வோல்ட், பாதி காலியானா 12.2. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினா ஆயுசு போயிடும். ஆகவே 7 ஆம்பியர்-மணின்னு எழுதியிருந்தா மூன்றரைன்னு படிங்க.

4. வசதி இருந்தா லித்தியம் இரும்பு பாஸ்பேட். நாலு செல், 12.8 வோல்ட், கடைசி வரைக்கும் ஏறக்குறைய அதே வோல்ட்டுல நிக்கும். இந்த வேதிப்பொருளைக் குடெனஃப் குழு டெக்சஸ்ல 1996-ல் அடையாளம் கண்டாங்க. அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் லித்தியம் பாட்டரிக்காக நோபல் பரிசு கொடுத்தது 2019 டிசம்பர் 10. பதினாறு நாள் கழிச்சு நான் வயசான ஈய பாட்டரியோட களத்துல நின்னேன். :-( இதுக்குத் தனி சார்ஜர் வேணும், பழைய சார்ஜரை மாட்டாதீங்க. மூணு செல் போட்ட சாதா லித்தியம் பொட்டி வேண்டாம். அது 11.1 வோல்ட், இறங்க இறங்க 10-க்குக் கீழே போயிடும்.

5. இன்வெர்ட்டர்ல 12-ஐ 230 ஆக்கி, அடாப்டர்ல திரும்ப 12 ஆக்குறவங்களைப் பார்த்திருக்கேன். காவிரித் தண்ணியை மாடிக்கு ஏத்தி, குழாய்ல இறக்கி வயலுக்குப் பாய்ச்சுற கதை. ரெண்டு இடத்துலயும் நஷ்டம்.

6. வீட்டு கரண்ட்தான்னா நல்ல 12 அல்லது 13.8 வோல்ட் சப்ளை, கையேடு அனுமதிச்சா. ஆனா நடுராத்திரி பனி இறங்கும், தரை ஈரம், நீங்க வெறுங்கால். 230 வோல்ட் பகுதி வெளியே வரவே வேண்டாம். சப்ளை வீட்டுக்குள்ளே, எர்த் உள்ள பாயிண்ட்டுல, பின்னாடி ஈ.எல்.சி.பி. 12 வோல்ட் மட்டும் தடிமனான ஒயர்ல வெளியே வரட்டும். குழாயைத் தொட்டா சுருக்குன்னு இருந்தா எர்த் இல்லைன்னு அர்த்தம், அலட்சியம் வேண்டாம்.

7. பாட்டரியோட பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ். தொலைநோக்கிப் பக்கம் வெச்சா, நடுவுல ஒயர் நசுங்கினா எரியப்போறது ஒயர்.

8. காரோட சிகரெட் லைட்டர் சாக்கெட் சிகரெட்டுக்காகச் செஞ்சது. அதுல ஸ்பிரிங் அழுத்துற ஒரு புள்ளியிலதான் கரண்ட் போகுது. தொலைநோக்கி திரும்புறப்போ லேசா இழுத்தாலே தொடர்பு விட்டுடும். திருகிப் பூட்டுற இணைப்பா போடுங்க.

9. ஒயரை முதல்ல தாங்கியோட காலில் ஒரு கட்டு, அப்புறம் ஒரு சின்னத் தளர்வு வளையம், அப்புறம்தான் பிளக். யார் தடுக்கினாலும் இழுபடுறது கட்டுதான், பிளக் இல்லை. தொலைநோக்கியை முழுசா ஒரு சுற்று சுற்றிப் பார்த்து எங்கேயும் சிக்கலைன்னு பகல்லயே உறுதி பண்ணிக்கோங்க.

10. கடைசியா, இருட்டுறதுக்கு முன்னாடியே ரெண்டு மோட்டாரையும் உச்ச வேகத்துல ஓடவிட்டு, தொலைநோக்கி முனையில வோல்ட்டை அளந்து பாருங்க. சும்மா இருக்கிறப்போ அளக்கிறது, தூங்குறவன்கிட்ட நாடி பார்க்கிற மாதிரி.

*

1977 மார்ச் 10-ந் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்போ, நம்ம ஜவ்வாது மலை காவலூர்லேயும் 1 மீட்டர் தொலைநோக்கியில கண்காணிச்சுக்கிட்டிருந்தாங்க. அன்னிக்குத்தான் யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது உலகத்துக்குத் தெரிஞ்சுது. வானத்துல சில விஷயம் ஒருதடவைதான். 'கொஞ்சம் இருங்க, ரீஸ்டார்ட் பண்ணிட்டு வர்றேன்'னு அதுகிட்ட சொல்ல முடியாது. நான் அதை ஒரு சின்னப் பையனோட முகத்துல பார்த்துக் கத்துக்கிட்டேன்.

பெரியப்பா 2021-ல் போயிட்டார். அந்த ரெண்டரை ஸ்கொயர் ஒயர் இருக்கு. சிவப்பு, கறுப்பு, முனையில அவர் அமுக்கின லக். பாட்டரி ரெண்டு மாறிடுச்சு, ஒயர் மாறலை.

2025 செப்டம்பர் 7, முழுச் சந்திர கிரகணம். அதே களம். ராத்திரி 9.57-க்கு நிழல் விழ ஆரம்பிச்சு, 11 மணியிலிருந்து 12.22 வரைக்கும் நிலா செம்புக்காசு மாதிரி தொங்கிச்சு. மேகம் வந்து வந்து போச்சு. ஒவ்வொரு தடவை விலகுறப்போவும் நிலா கண்ணாடிக்கு நடுவுலேயே இருந்தது. 1.26-க்கு நிழல் விலகுற வரைக்கும் மூன்றரை மணி நேரம் மோட்டார் ஒரு முனகல் முனகலை. அந்தப் பையன் இப்போ பிளஸ் ஒன். "அண்ணா, இந்தத் தடவை ஒயரு நல்லா இருக்கா?"ன்னு கேட்டுட்டுத்தான் கண்ணை வெச்சான்.

எடை, பிளக்பாயிண்ட், பாட்டரின்னு சக்தி எங்கேயிருந்து வந்தாலும், அதை வானத்தோட கட்டுறது ஒரு கயிறோ கம்பியோதான். நாம ஆயிரக்கணக்குல லென்சுக்குச் செலவு பண்ணிட்டு, அந்தக் கம்பிக்குத்தான் கணக்குப் பார்க்கிறோம்.

டிஸ்கி: உங்க ஊர்ல தொலைநோக்கியோ டெலஸ்கோப் நைட்டோ ஒயரால சொதப்பின கதை இருந்தா சொல்லுங்க. நான் மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருக்கிறது கொஞ்சம் கஷ்டமா இருக்கு. :-)